சுட்ட கல்லும் சுடாத கல்லும்

என் வாப்பா மர்ஹூம் அவர்கள் மாணிக்க வணிகர். காயல்பட்டினத்தில் பல வீடுகளின் ஆண்மக்கள் கொழும்பிலே கடை வைத்தும், கல் தரகு செய்தும் பிழைத்து வந்த காலத்தில் அவர்களும் அங்கேதான் இருந்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ ஊர் வருவார்கள். வரும்போது சட்டையின் உட்பையில் காகிதப் பொட்டலங்கள் இருக்கும். ளுஹர் தொழுகை முடிந்து, சோறு உண்டு, வீடு அடங்கிய வேளையில் திண்ணையோரம் வெள்ளைத் துணியை விரித்து, அந்தப் பொட்டலங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சிறு லென்ஸைக் கண்ணில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நான் அருகில் மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு அமர்ந்திருப்பேன்.

"கல்லுக்கு முகம் வெளியே இல்லை, மவனே. பட்டை தீட்டுகிறவன் எந்த முகத்தையும் கொடுத்துவிடுவான். உள்ளே பார்" என்பார்கள். அப்படிப் பார்க்கப் பழகியதால்தானோ என்னவோ, கல்லூரியில் சேரும் வயது வந்தபோது நான் நிலவியலைத் தேர்ந்தெடுத்தேன். வாப்பாவுக்கு அதில் மகிழ்ச்சியும் இருந்தது, வருத்தமும் இருந்தது. கல்லைப் படிக்கிறான் என்ற மகிழ்ச்சி. கல்லை விற்கமாட்டான் என்ற வருத்தம்.

இந்தக் கட்டுரையை நான் விண்கற்களைப் பற்றி எழுதவே தொடங்கினேன். வாப்பாவும், எங்கள் ராத்தாவும், ஒரு நீலக்கல்லும் இதற்குள் ஏன் வந்தார்கள் என்பதை வாசக அன்பர்கள் சற்றுப் பொறுத்தால் சொல்லிவிடுவேன்.

1865 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 ஆம் நாள் காலையில், பீகாரில் கயைக்கு அருகேயுள்ள ஷெர்காட்டியில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. ஒரு குழந்தை இரண்டு கையாலும் தூக்கிவிடக்கூடிய அளவுதான். அதன் பெரும்பகுதி கல்கத்தாவிலேயே தங்கியது. சில துண்டுகள் கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போயின. வியன்னாவில் இருந்த கனிமவியல் அறிஞர் குஸ்டாவ் செர்மாக் அதை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். 1872 இல் அவர் எழுதியது நிலவியல் மாணவர்களுக்கு இன்றும் புதிராய் இனிப்பது.

கல்லைச் சீவல் செய்து பார்ப்பது என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். கல்லின் ஒரு துண்டைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனம் வரும்வரை தேய்ப்பார்கள். அந்த அளவில் கருங்கல்லும் கண்ணாடியைப் போல ஒளியை உள்ளே விடும். அதன் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக, ஒளியின் அதிர்வை ஒரே தளத்தில் மட்டும் விடும் இரண்டு தட்டுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைப்பார்கள். இடையில் கல் இல்லையென்றால் இருட்டாக இருக்கும். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகம் இடையில் இருந்தால், அது ஒளியைத் திருப்பி விட்டுவிடும்; இருட்டு விலகி நிறம் பிறக்கும். சீவலைச் சுற்றச் சுற்ற அந்த நிறம் மங்கும், ஒளிரும், மீண்டும் மங்கும். பெல்ஸ்பார் என்னும் கனிமம் சாம்பலும் வெள்ளையுமாக வரிவரியாய்த் தெரியும். ஒரு முறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

ஷெர்காட்டிக் கல்லில் செர்மாக் பார்த்தது வேறு. பெல்ஸ்பார் இருக்கவேண்டிய இடங்களிலெல்லாம் நீள்சதுரப் பலகை போன்ற மணிகள் இருந்தன. உருவம் பெல்ஸ்பாரின் உருவம். வேதியியல் கூறும் ஏறத்தாழ அதுவே. ஆனால் குறுக்குத் தட்டுகளுக்கு இடையே வைத்துச் சுற்றினால், எத்தனை முறை சுற்றினாலும், அவை இருட்டாகவே இருந்தன. படிகத்தின் வடிவம் அப்படியே நிற்க, படிகத்தின் ஒழுங்கு மட்டும் உள்ளேயிருந்து மறைந்துபோயிருந்தது. ஓடு கலையாமல் உள்ளிருக்கும் பருப்பு மட்டும் கரைந்துபோன தேங்காயை எண்ணிக்கொள்ளுங்கள். செர்மாக் அந்தப் பொருளுக்கு, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கனிமங்களின் காப்பாளராயிருந்த நெவில் ஸ்டோரி மாஸ்கலின் என்பாரின் பெயரால் மாஸ்கலினைட் என்று பெயரிட்டார்.

அது கண்ணாடி என்றால் உருகியிருக்க வேண்டும். உருகியிருந்தால் ஓடியிருக்க வேண்டும். விளிம்புகள் கரைந்திருக்க வேண்டும். பக்கத்துக் கனிமங்களும் உருகியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பைராக்சினோ விரிசல் விட்டிருந்ததே தவிர உருகவில்லை. நெருப்பு ஒரு வீட்டில் புகுந்து, பாயை எரிக்காமல் தலையணைப் பஞ்சை மட்டும் எரித்துவிட்டுப் போகுமா?

இந்தப் புதிருக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்தே விடை வந்தது. 1963 இல் அமெரிக்காவில் டேனியல் மில்டன், பால் டிகார்லி என்னும் இருவர், பெல்ஸ்பார் உள்ள ஒரு பாறையை வெடிமருந்தின் அதிர்ச்சிக்கு உட்படுத்தினார்கள். ஒளிக்கு இருட்டாக நிற்கும் அதே பொருள் அவர்கள் கையில் கிடைத்தது. நெருப்பல்ல, அடி! வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மூன்று லட்சம் மடங்கு அழுத்தம் ஒரு கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறு பகுதிக்கு மட்டும் வந்து போனால், பெல்ஸ்பாரின் அணுக் கட்டு குலைந்துவிடுகிறது, பைராக்சின் தாங்கிக்கொள்கிறது. கட்டு குலைந்தபின் திரும்ப அடுக்கிக்கொள்ள நேரம் இல்லை. குலைந்தது குலைந்தபடியே, பழைய உருவத்துக்குள் உறைந்துவிடுகிறது.

இதிலும் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. படிகம் உருகாமலேயே திண்மமாக இருந்துகொண்டு ஒழுங்கை இழந்தது என்பது ஒரு கட்சி. இல்லை, அந்தக் கடும் அழுத்தத்திலேயே உருகி, அழுத்தம் விலகுமுன் அங்கேயே உறைந்தது என்று 2000 ஆம் ஆண்டில் சென், எல் கொரேசி ஆகியோர் எழுதினார்கள். நான் இரண்டாவது கட்சியின் பக்கம் சற்றுச் சாய்ந்தவன். ஆயினும் எல்லா விண்கல்லுக்கும் ஒரே தீர்ப்பு எழுத வேண்டிய தேவை இல்லை என்பதே என் எண்ணம். அடி ஒரே அளவாக விழுவதில்லை.

இனி அந்த 1980 ஆம் ஆண்டுக்கு வருகிறேன்.

எழுபதுகளில் கொழும்பின் கல் வணிகத்தில் ஒரு புதுமை புகுந்தது. இலங்கையில் தோண்டும்போது கிடைக்கும் கெவுடா என்னும் கல்லை எங்கள் பெரியவர்கள் மதித்ததே இல்லை. பால் கலந்த நீர் போல மங்கியிருக்கும். நீலக்கல்லின் இனம்தான், ஆனால் நீலம் இராது. தாய்லாந்திலிருந்து வந்த வணிகர்கள் அந்தக் கல்லை மூட்டையாய் வாங்கிப் போனார்கள். என்ன செய்கிறார்கள் என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு தெரிந்தது: அதை உலையில் இட்டு ஆயிரத்து ஐந்நூறு பாகைக்கும் மேலான சூட்டில் வேகவைக்கிறார்கள். கல்லுக்குள் பட்டு நூல் போல மிக நுண்ணிய ஊசிகளாகப் படிந்து மங்கலை உண்டாக்குவது ரூட்டைல் என்னும் டைட்டானியக் கனிமம். சூட்டில் அந்த ஊசிகள் கரைகின்றன. டைட்டானியம் கல்லின் உடலுக்குள் பரவி அங்குள்ள இரும்போடு இணை சேர்கிறது. அந்த இணையில்தான் நீலம் பிறக்கிறது. மங்கலும் நீங்கி, நிறமும் ஏறி, மதிப்பற்ற கல் மதிப்புள்ள கல்லாகி வெளியே வருகிறது.

அந்த ஆண்டு வாப்பா ஒரு நீலக்கல்லோடு ஊர் வந்தார்கள். நெடுநாள் கூட்டாளி ஒருவரிடம் நம்பி வாங்கியது. சென்னையில் ஒரு பெரிய மனிதருக்கு விலை பேசி முன்பணமும் வாங்கியாகிவிட்டது. அந்தப் பணத்தில் ராத்தாவின் வீட்டு மேல்தளம் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வீடு முடிந்தால் நிக்காஹ் என்று நாள் கூடப் பேசிவைத்திருந்தார்கள்.

நான் அப்போது சென்னையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை முடிந்து திரும்பும்போது வாப்பா கல்லை என்னிடம் தந்து, "உரியவரிடம் பத்து நாளில் நான் வந்து கொடுப்பேன். அதுவரை உன்னிடம் அமானிதம். உங்கள் பெரிய லென்ஸில் வைத்து ஒரு தடவை பார்த்துக்கொள்" என்றார்கள். மகனின் கல்லூரி நுண்ணோக்கி தம் கல்லைப் புகழும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அந்தப் பெருமையைத்தான் அவர்கள் விரும்பினார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த வாரத்தில் எங்கள் பேராசிரியர் வெளியூரிலிருந்து இரவல் வாங்கி வந்த ஒரு விண்கல் சீவலை எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் முதன்முதல் மாஸ்கலினைட்டைப் பார்த்தது அன்றுதான். சீவலைச் சுற்றச் சுற்ற ஒலிவின் மணிகள் மஞ்சளும் ஊதாவுமாக மாறின. சில மணிகள் ஒரே நேரத்தில் மங்காமல், பட்டுத் துணியை அசைத்தால் நிழல் ஓடுவதுபோல, அலை அலையாக மங்கின. அடிபட்ட படிகம் உள்ளுக்குள் வளைந்திருப்பதன் அடையாளம் அது. அவற்றுக்கு நடுவே, பலகை வடிவத்தில், ஒரு துண்டு இருட்டு. எப்படித் திருப்பினாலும் இருட்டு. "வெளிக்கோடு பொய் சொல்கிறது. உள்ளே இருப்பது கண்ணாடி. இந்தக் கல் எங்கோ ஒரு பெரிய மோதலைக் கண்டிருக்கிறது" என்றார் பேராசிரியர்.

மாணவர்கள் கலைந்தபின் நான் வாப்பாவின் கல்லை எடுத்து வைத்தேன். நிறம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே, பட்டு இழைகள் இருக்கவேண்டிய இடத்தில் நீண்ட ஊசிகள் இல்லை. அறுந்த மாலையின் முத்துக்கள் சிதறிய வரிசையைப் போலப் புள்ளி புள்ளியாக நின்றன. இன்னும் ஆழத்தில் ஒரு சிறு படிகம் அகப்பட்டிருந்தது. அதன் மூலைகள் மழுங்கி, பால் கட்டியதுபோல் வெளுத்திருந்தது. அதைச் சுற்றி, சந்திரனைச் சுற்றிக் கோட்டை கட்டுவதுபோல, வட்டமாக ஒரு மெல்லிய விரிசல். பேராசிரியரை அழைத்துக் காட்டினேன். அவர் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இதுவும் உள்ளே உருகிய கல்தான் தம்பி. இது உலைக்குள் போய் வந்திருக்கிறது."

அன்றிரவு நான் உறங்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. வாங்குகிறவருக்கும் தெரியப்போவதில்லை, அந்நாளில் சென்னையில் எத்தனை பேருக்கு அது தெரியும்? வாப்பாவுக்குமே தெரியவில்லை அல்லவா? சொல்லாமல் விட்டால் மேல்தளம் முடியும்; ராத்தாவுக்கு நிக்காஹ் நடக்கும். சொன்னால்? பத்து நாள் இருந்தது. ஒன்பது நாள் நான் வாய் திறக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பத்தாம் நாள் வாப்பா வந்தார்கள். அறையில் உட்காரவைத்துச் சொன்னேன். அவர்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. லென்ஸை எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார்கள். எங்கே பார்க்கவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அதுவரை அவர்கள்தாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். கடைசியில் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, "சுட்டதைச் சுட்டது என்று சொல்லி விற்றால் அது வியாபாரம். சொல்லாமல் விற்றால் அய்பை மறைத்ததாகும்" என்றார்கள். கல்லை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். மாலையில் திரும்பியபோது முன்பணத்தைத் திருப்பித் தருவதற்கு ஒரு மாதத் தவணை வாங்கிவந்திருந்தார்கள்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கொழும்புக் கூட்டாளி தமக்கும் தெரியாது என்றார்; உண்மையாகவும் இருக்கலாம். கல் சுட்டது என்று சொல்லியே வேறொருவருக்குப் பாதிக்கும் குறைந்த விலையில் போயிற்று. மேல்தளம் சுவர் மட்டத்தோடு நின்றது. மாப்பிள்ளை வீட்டார் எட்டு மாதம் பார்த்தார்கள். பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ராத்தாவுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து வேறு இடத்தில் நிக்காஹ் ஆயிற்று. அல்லாஹ்வின் கிருபையால் நல்ல மனிதர். ஆனால் அந்த மூன்று ஆண்டுகள் ராத்தா எப்படி இருந்தாள் என்பதை நான் அறிவேன். அவளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. வாப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த விண்கல் பைத்தியம் என்னை விடாமல் பற்றிக்கொண்டதற்கு அந்த ஒரு வாரமே காரணம் என்று நினைக்கிறேன்.

பிற்காலத்தில் ஆசிரியப் பணியில் இருந்தபோது, 1994 இல் கல்கத்தா செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. நம் நாட்டில் விழும் விண்கற்களுக்கெல்லாம் பொறுப்பாளர் அங்குள்ள இந்திய நிலவியல் ஆய்வுத் துறைதான். சௌரங்கியில் இந்திய அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளில் விண்கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து, "இவ்வளவுதானா?" என்பதுபோல் பார்த்துவிட்டு எலும்புக்கூடுகளின் பக்கம் ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விண்கல் வெளியே கறுத்த தோல் போர்த்திய சாதாரணக் கல்லாகத்தான் தெரியும். அந்தக் கறுப்புத் தோலைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் கல் முழுவதும் எரிந்து வந்ததாக எண்ணிவிடுகிறார்கள். அந்தத் தோல் காற்றில் உராய்ந்து பாய்ந்து வரும் சில நொடிகளில் உண்டாவது. ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. அதன் உட்புறத்துக்கு அந்த வெப்பம் எட்டுவதே இல்லை. உள்ளே இருக்கும் உருக்கமும் கருக்கலும் அதைவிட மிகமிகப் பழைய, வேறொரு துன்பத்தின் அடையாளங்கள்.

அந்தத் துன்பம் எப்படி நேர்கிறது? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்கள் சராசரியாக நொடிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் மோதிக்கொள்கின்றன. மோதிய இடத்திலிருந்து அதிர்ச்சி அலை ஒன்று பாறைக்குள் ஒலியினும் விரைந்து பாய்கிறது. அலை வரும்போது பாறை நசுங்குகிறது. அலை போனதும் விரிகிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் விரியும்போது திரும்பி வருவதில்லை. ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திப் பாருங்கள். வளைந்த இடம் சுடும். பாறையிலும் திரும்பி வராத பங்கு வெப்பமாய்த் தங்கிவிடுகிறது. அந்த வெப்பம் எங்கும் சமமாகப் பரவுவதில்லை. பாறைக்குள் சிறு பொந்துகள் இருந்தால் அவை சட்டென்று மூடிக்கொள்ளும் இடத்தில் சூடு மிகுதி. இரும்பும் கல்லும் அடுத்தடுத்து இருந்து ஒன்று ஒரு வேகத்திலும் மற்றது வேறு வேகத்திலும் நகர்ந்தால் அந்த எல்லையில் சூடு மிகுதி. அங்கெல்லாம் கல் உருகிக் கறுப்பு நரம்புகளாக ஓடுகிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கலவை எல்லாவற்றுக்கும் முந்தி உருகி, விரிசல்களில் புகுந்து, வெளிறிய கல்லைக் கறுப்பாக்கிவிடுகிறது. 2013 பிப்ரவரி 15 அன்று ருஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே வெடித்துச் சிதறிய கல்லின் துண்டுகளில் வெளிறிய துண்டும், கறுத்த துண்டும், முற்றிலும் உருகிய துண்டும் கலந்து கிடந்தன. ஒரே தாயின் பிள்ளைகள். அடி விழுந்த அளவுதான் வேறு.

இந்த அடியின் அளவைக் கணிக்க 1991 இல் ஷ்டாஃப்லர், கைல், ஸ்காட் ஆகிய மூவர் ஆறு படிகள் வகுத்தார்கள். படிகம் அலை அலையாக மங்குவது கீழ்ப்படி. பெல்ஸ்பார் மாஸ்கலினைட்டாக மாறுவது ஐந்தாம் படி. ஆறாம் படியில் நடப்பதைத்தான் நான் மிகவும் விரும்பிச் சொல்வேன்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் டென்ஹம் என்னும் இடத்தில் 1879 இல் விழுந்த விண்கல்லில் கறுப்பு நரம்புகள் உண்டு. அவற்றுக்குள் அகப்பட்ட ஒலிவின் மணிகள், அதே வேதியியல் கூற்றோடு, நெருக்கமாக அடுக்கப்பட்ட வேறொரு படிகமாக மாறியிருப்பதை 1969 இல் கண்டார்கள். அதற்கு ரிங்வுடைட் என்று பெயர். நம் காலடியில் ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர் ஆழத்தில் பூமியை நிரப்பியிருப்பது அந்தக் கனிமம்தான் என்பது அறிஞர்களின் துணிபு. அங்கே தோண்டிப் போய்ப் பார்க்க மனிதனுக்கு வழி இல்லை. வானத்திலிருந்து விழுந்த கல், நம் மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது! அதே டென்ஹம் கல்லில்தான் 2014 இல் பிரிட்ஜ்மனைட்டும் அகப்பட்டது. பூமியில் மிகுதியாக உள்ள கனிமம் அதுவே. உயர் அழுத்த ஆய்வுக்காக 1946 இல் நோபல் பரிசு பெற்ற பெர்சி பிரிட்ஜ்மன் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. எங்கும் நிறைந்த ஒன்றுக்குப் பெயர் வைக்கவே, அதன் ஒரு துளியைக் கண்ணால் காணும்வரை காத்திருக்கவேண்டி இருந்தது.

ரிங்வுடைட்டின் நிறம் பல வேளைகளில் நீலம். முதன்முதல் அதன் படத்தைப் பார்த்தபோது வாப்பாவின் கல் நினைவுக்கு வராமல் இல்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அழுத்தம் விலகியபின்னும் கல் சூடாகவே இருந்தால், ரிங்வுடைட் திரும்ப ஒலிவினாகிவிடும், மாஸ்கலினைட்டும் திரும்பப் படிகமாகிவிடும், சாட்சியம் அழிந்துபோகும். நரம்பு மெல்லியது, அதைச் சுற்றியிருந்த கல் குளிர்ந்தது என்பதால், உருகியது நொடிக்குள் உறைந்தது. அதனால் அடையாளம் பிழைத்தது. நெடுநேரம் சூட்டில் கிடக்கும் கல்லில் இத்தகைய அடையாளங்கள் நிற்பதில்லை. தாய்லாந்து உலையில் மணிக்கணக்காக வெந்த கல்லில் பட்டு இழைகள் புள்ளிகளாக எஞ்சியதும், சூடு அவ்வளவோடு நிறுத்தப்பட்டதால்தான். இன்னும் சற்று நேரம் வைத்திருந்தால் புள்ளியும் கரைந்திருக்கலாம். நானும் ஒன்றும் பார்த்திருக்கமாட்டேன்.

ஷெர்காட்டியின் கதையை முடிக்கவேண்டும். அந்தக் கல் உறைந்து பாறையானது இருபது கோடி ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில்தான் என்று அளந்து கண்டபோது அறிஞர்கள் திகைத்தார்கள். சிறுகோள்கள் நானூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே குளிர்ந்து அடங்கியவை. அப்படியானால் அண்மைக் காலம்வரை எரிமலை கக்கிய ஓர் உலகிலிருந்து அது வந்திருக்க வேண்டும். அண்டார்டிகாவின் பனியில் 1979–80 பருவத்தில் எடுக்கப்பட்ட, ஷெர்காட்டியின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு கல்லில், மோதலில் உருகி உறைந்த கண்ணாடித் துளிகள் இருந்தன. உருகிய வேளையில் அங்கிருந்த காற்றைச் சிறிது அவை விழுங்கிவைத்திருந்தன. டொனால்டு போகார்டும் பிராட் ஜான்சனும் 1983 இல் அந்தக் காற்றை வெளியேற்றி அளந்தார்கள். 1976 இல் வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் இறங்கி அளந்து சொன்ன காற்றோடு அது ஒத்திருந்தது. அடி விழுந்த இடத்திலேயே ஊரின் பெயர் எழுதியிருந்தது.

அவ்வளவு வலிமையான மோதலில் நொடிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் செவ்வாயின் பிடியை விட்டுப் பறந்த கல், ஏன் முழுதும் உருகி ஆவியாகிவிடவில்லை? 1984 இல் ஜே மெலோஷ் என்பவர் விளக்கினார்: தரையின் மேற்பரப்பை ஒட்டிய பாறையில், வரும் அலையும் பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று தணித்துவிடுகின்றன, அழுத்தம் குறைந்து வேகம் மட்டும் மிஞ்சுகிறது. கனத்த அடிக்கும் மெல்லிய தப்பித்தலுக்கும் இடையே அப்படி ஓர் ஏடு இருந்ததால்தான் அந்தக் கல் ஷெர்காட்டி வரை வந்து சேர்ந்தது.

கல்கத்தாவில் ஒரு நண்பரின் உதவியால் ஷெர்காட்டியின் சீவல் ஒன்றைப் பார்த்தேன். பதினான்கு ஆண்டுகளுக்குமுன் பார்த்த அதே இருட்டுப் பலகைகள். வாப்பா அப்போது உயிரோடு இருந்தார்கள். ஊர் திரும்பியதும் விவரமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தக் கல்லை வைத்திருப்பவர்கள் அடிபட்டது என்று சொல்லித்தானே வைத்திருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். ஆம் என்றேன். தலையசைத்துவிட்டு அஸருக்கு உளூச் செய்யப் போனார்கள். நீலக்கல்லைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதற்கு மிக அருகில் வந்தது அதுதான். 1998 இல் அவர்கள் மௌத்தானபோது லென்ஸ் என் பங்குக்கு வந்தது.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு ஊர் போயிருந்தேன். ராத்தாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். மேல்தளம் அவளுடைய மகன் சவூதியிலிருந்து பணம் அனுப்பிக் கட்டி முடித்தது; பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் சுண்ணாம்பு எத்தனை முறை அடித்தாலும் ஒரு கோடு தெரிகிறது. அங்கே அமர்ந்து பேரப்பிள்ளைகளுக்குச் செவ்வாய்க் கல்லின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வட்டிலாப்பத்தைத் தட்டில் வெட்டி வைத்துக்கொண்டிருந்த ராத்தா திடீரென்று, நாற்பத்தைந்து ஆண்டுகளாக வாய் திறக்காதவள், கேட்டாள்:

"தம்பி, அன்றைக்கு அந்தக் கல்லை யாரும் நெருப்பில் போடாமலே இருந்திருந்தால்?"

"அது கெவுடாவாகவே இருந்திருக்கும் ராத்தா. பால் நிறத்தில். வாப்பா அதை வாங்கியே இருக்கமாட்டார்கள்."

அவள் சற்று நேரம் அந்தச் சுவர்க்கோட்டைப் பார்த்தாள். பிறகு, "அப்படியென்றால் மேல்தளம் தொடங்கியே இருக்கமாட்டோம்" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து வைத்தாள்.